வைக்காத சிலையும் கிடைக்காத பாதையும்

“வெக்காத சிலைக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்க. பாதைக்கு எவன் எழுதிக் குடுத்தான்?”

தாலுகா அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்று மாலை, காலனியின் தெருக்குழாய் அருகே ஒரு ஆயா எங்களிடம் இப்படிக் கேட்டார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. எங்களில் சிலர் சமூகப்பணி படித்தவர்கள், சிலர் சமூகவியல் படித்தவர்கள். சாதி பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள். அன்று வாயடைத்து நின்றோம்.

நடந்தது இதுதான். அந்தக் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதை ஊர்த்தெருவை ஒட்டிப் போகிறது. அதன் வழியாக நம் பிணம் போகக்கூடாது என்பது ஊரின் எழுதாத சட்டம். ஆகவே பாடையை வயல் வரப்பில்தான் தூக்கிப்போக வேண்டும். நடவுக் காலமென்றால் முழங்கால் அளவு சேறு. ஆயாவின் கணவர் ஒரு ஐப்பசி மழையில் இறந்தார். வரப்பு வழுக்கிப் பாடை சரிந்தது. வாழ்நாளெல்லாம் அந்த வயல்களில் கூலி வேலை செய்தவரின் உடலைச் சேற்றிலிருந்து தூக்கி, துடைத்து, மறுபடி பாடையில் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களை அழைத்தார்கள்.

நாங்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். தகவல் உரிமைச் சட்டத்தில் புலப்படம் வாங்கினோம். அந்த வண்டிப்பாதை அரசுப் புறம்போக்கு என்று தெளிவாக இருந்தது. தாலுகா அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் நடத்தினோம். பெண்களும் பிள்ளைகளுமாகக் காலனியே திரண்டு வந்தது. ஒரு வாரத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. வென்றுவிட்டோம் என்றே நினைத்தோம்.

பேச்சுவார்த்தைக்கு இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவியது: “காலனிக்காரர்கள் ஊர் முகப்பில் அம்பேத்கர் சிலை வைக்கப் போகிறார்கள்.” அப்படியொரு திட்டமே எங்களுக்கு இல்லை. ஆனால் ஊர் கொதித்தது, போலீஸ் வந்து நின்றது. நாங்களும் இரண்டு நாளும் மறுப்பு எழுதினோம், காணொளி போட்டோம், சிலை வைப்பது எங்கள் உரிமை என்று வாதம் செய்தோம். பேச்சுவார்த்தையில் இரண்டு மணி நேரமும் சிலையைப் பற்றியே பேச்சு. கடைசியில் “சிலை வைக்க மாட்டோம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கலவரத்தைத் தவிர்த்தோம் என்ற நிம்மதியோடு வெளியே வந்தோம். பையில் இருந்த புலப்படத்தை நாங்கள் வெளியே எடுக்கவேயில்லை.

தோழர்களே, இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோரும் குடித்தார்கள். பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923ஆம் ஆண்டே தீர்மானம் போட்டிருந்தது. மகாத் நகராட்சியும் அதை ஏற்றிருந்தது. எனவே குளத்தை வைத்து நம் மக்களை எதிர்க்க நியாயம் எதுவும் இல்லை. உடனே ஒரு வதந்தி கிளம்பியது: “அடுத்து வீரேசுவரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள்.” அன்று அப்படி ஒரு திட்டமே இல்லை. ஆனால் அந்த வதந்தியை நம்பித் திரண்ட கூட்டம், மாநாட்டுக்கு வந்த நம் மக்களைத் தாக்கியது. தண்ணீரைப் பற்றிய கேள்வி ஒரே மாலையில் கோயிலைப் பற்றிய கேள்வியானது. நூறு ஆண்டு கழித்து எங்கள் ஊரில் வண்டிப்பாதை சிலையானதும் இதே வழியில்தான்.

அங்கே அம்பேத்கர் செய்ததையும் நாம் படிக்க வேண்டும். அவர் பதிலடியைத் தடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி மகாத் வந்தார். அதற்குள் குளம் தனியார் சொத்து என்று வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியிருந்தார்கள். அவர் குளத்தில் இறங்குவதை ஒத்திவைத்தார், மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது, வழக்கு நடத்தப்பட்டது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. பத்து ஆண்டுகள். எதிரிகள் கேள்வியை இரண்டு முறை மாற்றினார்கள். அவர் குளத்தை விடவில்லை.

இன்னொரு தண்ணீர்க் கதையும் நமக்கு உண்டு. 2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது. பிள்ளைகளுக்கு உடல்நலம் கெட்ட பிறகுதான் தெரிய வந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. மரபணுப் பரிசோதனைக்கு முதலில் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களே. 2025 ஜனவரியில் அதே மக்களைச் சேர்ந்த மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை என்ற செய்தி வந்தது. மக்கள் அதை மறுத்தார்கள், சிபிஐ விசாரணை கேட்டார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாங்கள் கவனித்தது வேறு. அந்த நாளிலிருந்து தொலைக்காட்சி விவாதங்களில் மூவரின் நோக்கம் என்ன, ஒலிப்பதிவில் யார் குரல் என்பதே பேச்சு. அந்தப் பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததும், அய்யனார் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைய ஆட்சியர் வந்து அழைத்துப்போக வேண்டியிருந்ததும் பேச்சிலிருந்து காணாமல் போயின. அவை அரசு அதிகாரிகளே கண்ணால் பார்த்த தீண்டாமை.

ரோஹித் வெமுலாவுக்கும் இதுவே நடந்தது. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அவர் இறந்தார். அவரை ஏன் விடுதியிலிருந்து வெளியேற்றினீர்கள், உதவித்தொகையை ஏன் நிறுத்தினீர்கள் என்று மாணவர்கள் கேட்டார்கள். பதிலாக வந்தது, “அவர் உண்மையில் தலித்தா?” என்ற கேள்வி. விசாரணை ஆணையமும் அவர் பட்டியல் சாதி அல்ல என்றது. மகனை இழந்த ராதிகா அம்மா, ஆண்டுக்கணக்காகத் தன் சாதியை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அப்படியென்றால் போராட்டத்தால் பயன் இல்லையா? கல்லூரிக் கூட்டங்களில் இந்தக் கேள்வியைத்தான் எங்களிடம் அதிகம் கேட்கிறார்கள். எங்கள் பதில்: உண்டு, ஆனால் எல்லாப் போராட்டத்துக்கும் இல்லை.

2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. கைதுக்கு முன் அனுமதி வேண்டும், முதற்கட்ட விசாரணை நடத்தலாம், முன்ஜாமீனும் தரலாம் என்றது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு. வட மாநிலங்களில் நம் மக்கள் சுடப்பட்டார்கள், உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள். ஊடகம் எரிந்த பேருந்துகளை மட்டும் காட்டியது. வன்முறையா, அறப்போராட்டமா என்று விவாதம் நடத்தியது. ஆனால் மக்கள் கேட்டது ஒன்றே ஒன்று: சட்டத்தைப் பழையபடி ஆக்கு. ஆகஸ்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டு வந்தது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் அந்தத் திருத்தம் செல்லும் என்றும் தீர்ப்பு வந்தது. அந்த வெற்றிக்கு உயிர்களை விலையாகக் கொடுத்தோம் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் அது வெற்றி.

திசைதிருப்பலை இன்னொரு கண்டனக் கூட்டத்தால் மட்டும் உடைக்க முடியாது என்று அனுபவத்தில் கற்றோம். அவர்கள் வீசுவதற்கெல்லாம் ஓடினால் நம் கால்தான் ஓயும். சில நேரம் பதில் சொல்லியே ஆக வேண்டும், உண்மைதான். வதந்தியால் காலனிக்கு ஆபத்து என்றால் மறுக்க வேண்டும், புகார் கொடுக்க வேண்டும். அந்த வேலையை இரண்டு பேர் பார்க்கட்டும். மீதிப் பேர் பாதையில் நிற்க வேண்டும். நாங்கள் எல்லோருமே சிலையின் பின்னால் ஓடினோம். இதில் எங்கள் ஆசையும் இருந்தது. சிலை பற்றிய பதிவுக்கு நூற்றுக்கணக்கில் பகிர்வு கிடைத்தது. புலப்படத்தைப் பற்றி எழுதியதை யாரும் பகிரவில்லை. கூட்டம் எங்கே இருந்ததோ அங்கே போனோம்.

ஆயாவிடம் பேச்சு வாங்கிய மறுவாரம் மறுபடி தொடங்கினோம். ஒரே கோரிக்கை: அரசு ஆவணத்தில் உள்ள பாதையை அளந்து கொடு. மாதாமாதம் முதல் திங்கள் அதே மனு, அதே நகல், முந்தைய மனுவின் ஒப்புகைச் சீட்டோடு. மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகள் சொல்கின்றன. கூடியதா என்று எழுத்தில் கேட்டோம். அடுத்த பேச்சுவார்த்தையில் மறுபடி சிலைப் பேச்சு எடுத்தார்கள். இம்முறை காலனிப் பெண்களே பேசினார்கள். “அது வேற மனுங்க. இன்னிக்குப் பாதை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

ஏழாவது மாதம் நில அளவையர் வந்து அளந்தார், எல்லைக்கல் நட்டார்கள். ஊர்க்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள், தடுக்கவில்லை. பாதை இன்னும் போடப்படவில்லை. அடுத்த மழைக்குள் போட வேண்டும் என்பது இப்போதைய மனு.

கல் நட்ட அன்று ஆயாவிடம் சந்தோஷமா என்று கேட்டோம். “கல்லு மேல நடந்தா போவாங்க, பாதையப் போடச் சொல்லு” என்றார். வரும் முதல் திங்களும் போகிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாதை இருக்கும். அந்த மனுவின் நகலைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஜெய் பீம்.