தொட்டிக்கு வயசு கூட்டுவது எப்படி?

புது மண்தொட்டி செக்கச்செவேல்னு நிற்கும். பழைய தொட்டிக்குத்தான் வெள்ளையும் பச்சையுமாக ஒரு தனி அழகு. அதைக் குறுக்கு வழியில் கொண்டுவர, பெயிண்ட் அடித்து மேலே வார்னிஷும் பூசுகிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லைங்க.

ஏன்னு சொல்றேன். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஊற்றும் தண்ணீரில் கொஞ்சம் அந்த வழியே கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகும். தண்ணீரிலிருந்த உப்பு அங்கேயே தங்கிவிடும். உப்பு பூத்திருக்கு என்கிறோமே, அதுதான் இது. பாசி பிடிப்பதும் அந்த ஈரத்தில்தான். ஆக, அந்தக் கறையெல்லாம் தொட்டி மூச்சு விட்டதற்கான அடையாளம். வார்னிஷ் அடித்தால் அந்த மூச்சு அடைபட்டுவிடும். உள்ளே ஈரம் தேங்கி வேர் அழுகவும் கூடும். தொட்டி அழகாக இருந்து செடி செத்தால் என்ன லாபம்?

அவசரக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கு. சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, வெளிப்பக்கம் மட்டும் திட்டுத்திட்டாகப் பூசுங்கள். காய்வதற்குள் ஈரத்துணியால் அங்கங்கே துடைத்துவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகும். ஆனால் வார்னிஷ் மாதிரி துளைகளை மூடிவிடாது. வெறும் கையால் தொடாதீர்கள், பொத்துவிடும். கண்ணும் பத்திரம். பாசி வேண்டுமென்றால் தொட்டியை நிழலில் வைத்து, வெளிப்பக்கத்தையும் நனைத்துவாருங்கள்.

எங்கள் மாடியிலுள்ள செம்பருத்தித் தொட்டிக்கு நான் எதுவும் பூசவில்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீரே அந்த வேலையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கிறது. கூலியும் கேட்பதில்லை!