ஏவலும் நிகழ்வும்

நமது ஆய்வுகூடக் கருவிகளைக் கணினித் திரையிலிருந்து இயக்கும் பலகையொன்றை விஞ்ஞான ஆசிரியர் அமைத்தார். அதற்குத் தமிழிற் பெயர் பொறிக்க என்னை அழைத்தார். அவர் கையாண்ட, 1986இல் முதன்முதல் வெளிவந்த லேப்வியூ என்னும் மென்பொருள், பலகையின் உறுப்புக்களைக் கட்டளை ஏற்பன, அளவு காட்டுவன என இருவகைப்படுத்துகின்றது. நீர்த்தொட்டிக்கு 60 பாகை செல்சியசு எனக் கட்டளையிட்ட கணமே நீர் அந்நிலை எய்திவிடாது. உணரி 41 என்றே காட்டக்கூடும். இரண்டின் மேலும் ‘வெப்பநிலை’ என்று மட்டும் பொறித்தால், மாணவன் எதனைக் குறிப்பேட்டில் எழுதுவான்? ஆதலின் ஒன்றுக்கு ‘வேண்டிய வெப்பநிலை’ என்றும், மற்றதற்கு ‘உள்ள வெப்பநிலை’ என்றும் பெயரிட்டோம். ‘சூடேறு’ என்பது ஏவல். ‘சூடேறுகின்றது’ என்பது நிகழ்வு. ஏவியதையே நிகழ்ந்ததாக எழுதும் பழக்கம் விஞ்ஞானத்தையும் கெடுக்கும், வாழ்வையும் கெடுக்கும். அதனைத் தடுக்கும் காவல், ஈண்டு ஒரு சொல்லே.