அடைப்புக்குறிக்குள் இருந்த சொல்

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையில் மயக்க மருத்துவர் நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார். 'ஆ' என்று குரல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மென்னண்ணம் மேலெழும்பி, உள்ளதைவிட நல்ல காட்சியைக் காட்டிவிடும். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, ஒன்று முதல் நான்கு வரை ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வார். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது சிரமமாகுமா என்பதை அந்த எண் முன்கூட்டியே சொல்லும் என்பது நம்பிக்கை. மல்லம்பாட்டி என்ற அதன் பெயர் தமிழ்க் காதுக்கு ஏதோ ஊர்ப்பெயர் போல இருக்கும். பாஸ்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி மருத்துவர் சேஷகிரி ராவ் மல்லம்பாட்டியின் குடும்பப்பெயர் அது. இந்த எண்ணின் தடம் பிடித்துப் பின்னோக்கிப் போன நான், 1983இல் கனடா நாட்டு மயக்கவியல் இதழில் வந்த அவருடைய கடிதத்தில் போய் நின்றேன். தலைப்பின் கடைசியில், அடைப்புக்குறிக்குள், ஒரே ஒரு சொல்: கருதுகோள்.

அந்தச் சொல்லை மறந்ததுதான் பிற்காலக் குழப்பத்துக்கெல்லாம் வேர் என்பது என் கட்சி. மல்லம்பாட்டியின் தர்க்கம் எளிமையானது. நாக்கின் அடிப்பகுதி வாய்க்குள் இருக்கும் இடத்துக்கு மீறிப் பெருத்திருந்தால் உள்நாக்கையும் அதன் இருபுறத் தூண்களையும் மறைக்கும்; குரல்வளையைப் பார்க்க லாரிங்கோஸ்கோப்பை நுழைக்கும்போதும் அதே நாக்குத்தான் குறுக்கே நிற்கும். 1985இல் 210 நோயாளிகளிடம் இதைச் சோதித்து வெளியிட்டார். புதிய தலைப்பில் கருதுகோள் இல்லை. அவர் வகுத்தவை மூன்று வகைகள்தாம்; நான்காவதைச் சேர்த்தவர்கள் 1987இல் சாம்சூன், யங் இருவரும். ஆக, அவர் அளந்தது ஒரேயொரு காரணத்தை. கழுத்து வளையாமை, உள்வாங்கிய தாடை, முன்துருத்திய பற்கள் எல்லாம் அந்த எண்ணுக்கு வெளியே நிற்பவை. 1988இல் வில்சன் குழுவினர் அவற்றைக் கூட்டி மதிப்பெண் போட்டதே இதற்குச் சாட்சி.

அப்படியானால் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் போதுமே என்று கேட்கலாம். சேர்த்தால் கணிப்பு சற்றுக் கூடுகிறது. ஆனால் சிரமமே அரிதாக வருவது. 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வில், குழாய் செலுத்தச் சிரமப்பட்டவர்கள் 3,391 பேர். அவர்களில் 93 சதவீதத்தினரை எவரும் முன்கூட்டி எதிர்பார்க்கவில்லை. 'சிரமம்' என்று எதிர்பார்க்கப்பட்டவர்களிலும் நான்கில் ஒருவருக்குத்தான் அது உண்மையாயிற்று. அரிய நிகழ்வைச் சுமாரான சல்லடையால் சலித்தால் பொய் எச்சரிக்கைதான் மிஞ்சும். இது மல்லம்பாட்டியின் பிழையல்ல, கணக்கின் இயல்பு.

பின் எதற்கு இந்தச் சடங்கு, விட்டுவிடலாமே என்பது கடுமையான மறுப்பு. அதை எளிதில் ஒதுக்க முடியவில்லை. ஆனால் வாயைத் திறக்கச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. நான்காம் வகை என்று தெரிந்தால் வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் மாற்றுத் திட்டமும் மயக்கம் கொடுக்குமுன்பே பக்கத்தில் வந்துவிடும். ஆபத்து எதிர்முனையில் இருக்கிறது: முதல் வகை என்ற எண்ணைப் பார்த்ததும் அவற்றை அலமாரியிலேயே விட்டுவிடுவது. 1983இன் கடிதம் அதற்கு எந்த உரிமையும் தரவில்லை.