எங்கள் அண்ணன் ஒரு டைனமைட்!

போன பேரவைத் தேர்தலில் கேன்டீன் வாசலில் கட்டியிருந்த தட்டி ஞாபகம் இருக்கிறதா? மெக்கானிக்கல் நண்பர்கள் கைங்கரியம். 'எங்கள் அண்ணன் ஒரு டைனமைட்!' என்று சிவப்பு எழுத்தில் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். அன்றைக்கு ஃபீஸ் கட்ட வந்திருந்த எங்கப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அப்படின்னா என்ன சாமி?" என்றார்.

"தோட்டாப்பா."

அப்பா சிரிக்கவில்லை. அவர் பல வருஷம் கிணறு வெட்டில் வெடி வைத்தவர். எங்கள் பக்கத்தில் ஜெலட்டின் குச்சியைத் தோட்டா என்றுதான் சொல்வார்கள்.

அன்றிரவு ஹாஸ்டலில் டிக்‌ஷனரியைப் புரட்டினேன். நாம் அரியருக்குப் பயந்து படிக்கிற டைனமிக்ஸ், எலெக்ட்ரிக்கல்காரர்களின் டைனமோ, இந்த டைனமைட் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 'டைனமிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வலிமை என்று பொருளாம். இங்கிலீஷ்காரர்கள் அசத்தலான ஆளையும் டைனமைட் என்கிறார்கள். தொட்டால் வம்பு என்கிற விஷயத்துக்கும் அதே வார்த்தைதான்.

இந்த இரண்டாவது அர்த்தத்தில்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தட்டினாலே வெடிப்பது நைட்ரோகிளிசரின். 1847ல் இத்தாலிக்காரர் சொப்ரேரோ கண்டுபிடித்த எண்ணெய் மாதிரியான திரவம் அது. 1864ல் ஸ்டாக்ஹோமில் நோபல் குடும்பத்தின் பட்டறை அதனால் வெடித்துச் சிதறியதில், ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமிலும் செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் நோபல் அந்தத் திரவத்தைக் கீசல்கர் என்ற நுண்துளை மண்ணில் ஊறவைத்துப் பிசைந்தார். மூன்று பங்கு திரவம், ஒரு பங்கு மண். 1867ல் பேட்டன்ட் வாங்கினார். அதுதான் டைனமைட். சும்மா கிடந்தால் வெடிக்காது, கேப் வைத்தால்தான் வெடிக்கும். ஆக, வெடிக்காமல் இருக்கச் செய்த பொருளின் பெயரைத்தான் எந்த நிமிஷமும் வெடிக்கிற சமாச்சாரத்துக்கு வைத்திருக்கிறார்கள்! அப்பா கையாண்ட ஜெலட்டினும் 1875ல் நோபல் செய்ததன் வழி வந்ததுதான்.

இதை அப்பாவிடம் சொன்னபோது, "ஆமா, தோட்டா சாது. பழசாயி வேர்த்துப் போச்சுன்னா மட்டும் கிட்ட போகப்படாது" என்றார். உள்ளே இருக்கிற திரவம் கசிந்து வெளியே வருவதைத்தான் வேர்ப்பது என்கிறார். டிப்ளமோ படிக்காத மனுஷர்!

அவருக்கு இடது காது கேட்காது, இடது கையில் இரண்டு விரல் கிடையாது. 1998ல் ஒரு கிணற்றில் ஏழு குழிக்குத் திரி கொளுத்திவிட்டு மேலே ஏறி வந்து எண்ணியிருக்கிறார். ஆறு சத்தம்தான் கேட்டது. அரை மணி நேரமாவது பொறுத்துத்தான் இறங்க வேண்டும். தோட்டத்துக்காரர், "நான் ஏழு எண்ணிட்டேன், இறங்கு. ஆளுங்களுக்குக் கூலி ஏறுது" என்றாராம். மறுநாள் வேலை வேண்டுமே என்று அப்பா இறங்கிவிட்டார். கல்லைப் புரட்டும்போது ஏழாவது வெடித்தது. தோட்டத்துக்காரர் ஆஸ்பத்திரிச் செலவில் பாதி கொடுத்தார். அந்தக் கிணற்றில் இன்றைக்கும் தண்ணீர் இருக்கிறது. அதில் வளர்ந்த வாழைத்தாரை எங்கள் வீட்டுக்கே ஒருமுறை கொடுத்தனுப்பினார்கள், அம்மா வாங்கவில்லை.

அதற்குப் பிறகும் நாலைந்து வருஷம் அப்பா வெடி வைத்தார் என்பதுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது. கேட்டால், "ஆறுன்னா ஆறுதான்னு சொல்லக் கத்துக்கிட்டேனே" என்பார்.

தட்டி விஷயத்துக்கு வருகிறேன். பஸ் ஏற்றிவிடப் போனபோது வாசலில் அதை மறுபடி நின்று பார்த்தார். கீழே நம் வேட்பாளர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கைகூப்பி நின்றார். அப்பா வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்:

"பையன் தோட்டா, சரி. கேப்பு யாரு கையில இருக்குது?"

பஸ் வந்துவிட்டது.