சத்தம் போடாமப் போயிடுங்க

எங்க தாத்தா செத்தது 2003ஆம் வருசம். அப்ப நான் எட்டாம் வகுப்பு. எங்க பங்குக்கோயிலுக்குன்னு ஒரு சாவு வண்டி இருந்தது. கோயில் சொத்துதான், ஆனா ஊர்த்தெருக்காரங்க பொணத்துக்கு மட்டும்தான் வெளிய வரும். அவங்களும் கிறிஸ்தவங்கதான். நாங்க வாங்குற அதே நற்கருணையத்தான் அவங்களும் வாங்குறாங்க. எங்க பொணம் மட்டும் பாடையில, வாய்க்கால் கரையோரமா, தனிக் கல்லறைக்குப் போகும். தாத்தா சாவுக்கு எங்க தெரு இளவட்டங்க அந்த வண்டிய இழுத்துக்கிட்டு வந்து ஊர்த்தெரு வழியாவே கிளம்பிட்டாங்க. பாதித் தெருவுல கல்லு விழுந்தது. பொணத்து மேலயும் விழுந்தது. திருப்பிக்கொண்டு வந்து வீட்டுல போட்டோம். ராத்திரி போலீஸ் வந்து எங்க தெருவுல மட்டும் ஆறு பேரைப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு. அப்பாவும் அதுல ஒருத்தர். மத்த ஆம்பளைங்க கரும்புக்காட்டுல பதுங்கிட்டாங்க. மறுநாள் தாத்தாவத் தூக்கிக்கிட்டுப் போனது பொம்பளைங்கதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் பவுலும் சீலாவும் பிலிப்பியில் சிறைப்பட்ட கதையைப் பிரசங்கம் வைத்தார். அடி வாங்கி, தொழுமரத்தில் கால் மாட்டி, நடுராத்திரியில் கடவுளைப் பாடினார்கள். பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, சிறைக்காவலன் மனந்திரும்பினான். துன்பத்தில் பொறுமைதான் விசுவாசம் என்று முடித்தார். அவரைக் கெட்டவர்னு சொல்ல மாட்டேன். லாக்கப்பில் இருந்தவங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பியவர் அவர்தான். அம்மா பிரசங்கத்தைக் கேட்டு அழுதுச்சு. நானும்தான்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது விடுதியில் அந்தப் பதினாறாம் அதிகாரத்தை முழுசா வாசித்தேன். அதுவரைக்கும் கோயிலில் வாசித்ததைக் கேட்டதோடு சரி. எங்க தெருவுல இருந்து ஒருத்தரையும் மேடையேறி வாசகம் வாசிக்க விட்டதில்ல. வாசித்தபோதுதான் சாமியார் கதையின் தலையையும் வாலையும் விட்டுவிட்டு நடுத்துண்டை மட்டும் கொடுத்திருக்கிறார் என்பது தெரிந்தது.

தலையில் இருப்பது ஓர் அடிமைப்பெண். குறிசொல்லும் ஆவி பிடித்தவள். அவள் சொல்லும் குறியில் எஜமானர்கள் காசு பார்க்கிறார்கள். பவுல் அந்த ஆவியை விரட்டுகிறார். (இரக்கப்பட்டு அல்ல, அவள் நாள்கணக்காய்ப் பின்னால் கத்திக்கொண்டு வந்த எரிச்சலில். பைபிள் இதை மறைக்கவில்லை.) வருமானம் போச்சு. எஜமானர்கள் பவுலையும் சீலாவையும் அதிகாரிகள் முன்னால் இழுத்துப்போகிறார்கள். அங்கே காசு போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவங்க யூதங்க, ரோமர்களுக்கு ஆகாத வழக்கத்தைப் பரப்பி ஊரைக் கெடுக்கிறாங்க என்றுதான் புகார். எங்க ஊர் எப்.ஐ.ஆரிலும் சாவு வண்டி இல்லை, பொதுஅமைதிக்குக் குந்தகம் என்றுதான் இருந்தது.

வால், மறுநாள் காலை. அவங்கள விட்டுடச் சொல்லி அதிகாரிகள் ஆளனுப்புகிறார்கள். பவுல் எழுந்து போகவில்லை. விசாரணை இல்லாம, ரோமைக் குடிமக்களான எங்கள எல்லார் முன்னாலயும் அடிச்சாங்க. இப்ப ரகசியமா அனுப்பப் பார்க்குறாங்களா? அதெல்லாம் ஆகாது, அவங்களே வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும் என்கிறார். பிலிப்பி சாதாரண ஊர் அல்ல. ரோமைப் படைவீரர்களைக் குடியேற்றிய ஊர், குடியுரிமைப் பெருமை பேசும் ஊர். அதிகாரிகள் பயந்துபோய் வந்து கெஞ்சுகிறார்கள். அப்போதும் ஊரைவிட்டுப் போகச் சொல்லித்தான் கெஞ்சுகிறார்கள். பாடினவரும் பவுல்தான், உட்கார்ந்துகொண்டு மறுத்தவரும் பவுல்தான். எங்களுக்குப் பாட்டை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள்.

அப்பாவை விட்டதும் ஒரு விடியற்காலையில்தான். கேஸ் ஒண்ணும் பெருசா இல்ல, பின்வாசல் வழியா சத்தம் போடாமப் போயிடுங்க என்றாராம் ஏட்டு. அப்பா திண்ணையில் உட்கார்ந்துட்டார். “இழுத்துக்கிட்டு வந்தது முன்வாசல் வழியா. போறதும் அப்படித்தான்.” பவுல் சொன்னது அவருக்குத் தெரியாது. யாரும் வந்து கெஞ்சவில்லை. எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்ற நேரம்னு அவங்களே முன்வாசல் வழியா வெளியே தள்ளினாங்க.

அப்புறம்தான் பெரிய அடி விழுந்தது. 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம்னு வக்கீலிடம் போனார்கள். ஆறு பேரில் மாமா ஒருவருக்கு மட்டும்தான் எஸ்.சி. சான்றிதழ், இந்து என்று. மற்ற ஐந்து பேரும் கிறிஸ்தவர், பி.சி. 1950ஆம் வருசம் ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் யாரும் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். எங்களைச் சேர்க்கவில்லை. ஆக அதே லத்தி, அதே ராத்திரி. மாமா முதுகில் விழுந்தது வன்கொடுமை, அப்பா முதுகில் விழுந்தது வெறும் அடி. பவுல் கையில் இருந்த துருப்புச்சீட்டு எங்களுக்கு இல்லை.

அஞ்சு பேரும் இந்துன்னு எழுதிக்கொடுத்துச் சான்றிதழுக்கு ஏற்பாடு பண்ணுங்க என்றார் வக்கீல். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அப்பா, “மனசுல வச்சுக்கிட்டு வாயால இல்லன்னு சொல்லணுமா” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துட்டார். இரண்டு பேர் எழுதிக்கொடுத்தார்கள். அவர்களை விசுவாசம் மறுத்தவங்கன்னு கோயிலில் சிலர் பேசினது எனக்கு இன்னைக்கும் எரியும். முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு மூணு தடவை மறுதலித்தவரைத்தான் முதல் பாப்பு என்கிறோம். தன் பிள்ளை படிப்புக்காக ஒரு தாளில் ஒரு சொல்லை மாத்துறவங்கிட்ட மட்டும் என்ன கணக்கு? மறுதலிக்கச் சொல்லி நிறுத்தினது யார்னு கேட்க வேண்டாமா?

2022இல் இதைப் பார்க்க முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது. செய்தியைப் படித்துச் சொன்னேன். அப்பா தலையாட்டினார், அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி பதினாறாம் அதிகாரத்தை அவருக்கு முழுசா வாசித்தேன். காலைக்காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னார். “ரோமைக் குடிமகன்னு சீட்டு எதுவும் காட்டினாரா?”

“அப்படி எதுவும் எழுதல. வாயால சொன்னாரு.”

“சொன்னதும் நம்பிட்டாங்களா?”

“பயந்துட்டாங்கப்பா.”

சிரித்தார். அப்புறம், “அந்தக் குறிசொல்ற புள்ள என்னாச்சு?” என்றார். அதைப் பத்தி ஒண்ணும் எழுதலப்பா என்றேன். மறுபடியும் முதல்ல இருந்து வாசிக்கச் சொன்னார்.