கே-க்கு அப்புறம் புள்ளி இல்லேன்னா?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. மார்ச் முடிஞ்சாத்தானே பேங்க்காரனுக்கு மூச்சு வரும்!

போன மாசம் தாராவியிலிருந்து ஒரு அம்மா எங்க மாட்டுங்கா கிளைக்கு வந்தாங்க. காலமான கணவரோட டெபாசிட்டை வாங்கணும். ரசீதில் 'கே. கணேசன்', இறப்புச் சான்றிதழில் 'குமாரசாமி கணேசன்'. "பேர் ஒத்துப்போகலைம்மா, அஃபிடவிட் வேணும்"னு அனுப்பிட்டேன். கே-ன்னா அவங்க மாமனார் பேர்னு எனக்கா தெரியாது? நானும் தமிழன்தானே.

ராத்திரி செம்பூர் வீட்டில் மகள் காலேஜ் ப்ராஜெக்டோட உட்கார்ந்திருந்தா. பெயர்ப் பட்டியலைப் பிரிச்சுப் படிக்கிற புரோகிராம். பார்ஸர் காம்பினேட்டராம். பி.காம். அப்பனுக்குப் புரியற மாதிரி சொன்னா: குட்டி விதிகளை ஒட்டிப் பெரிய விதி கட்டறது. 'எழுத்து, புள்ளி, பேர்' முதல் விதி. 'ரெண்டு முழுப்பேர்' அடுத்த விதி. இது, இல்லேன்னா அது.

இப்போ ஆங்கிலத்தில் எழுதின 'குமாரசாமி கணேசன்' வருது. முதல் விதி 'கே'-யைத் தின்னுட்டுப் புள்ளியைத் தேடுது. புள்ளி இல்லை.

ஹாஸ்கெல் மொழிக்கு லெய்யென் எழுதின பார்செக், ஓர் எழுத்தைத் தின்னுட்டா அடுத்த விதியைத் திரும்பிப் பார்க்காது. உடனே பிழைதான். முன்னாடி 'ட்ரை'ன்னு போட்டாத்தான் பின்வாங்கும். அதனால மெமரி மிச்சம், பிழை எந்த இடத்தில்னும் துல்லியமா சொல்லும். ரஸ்ட்டோட 'நாம்' நேர் எதிர். தானே பின்வாங்கி அடுத்ததைப் பார்க்கும். வேண்டாம்னா 'கட்' போடணும். பைத்தானோட பைபார்சிங்கும் பின்வாங்கும். நடுவில் இருக்கிற இடைவெளியையும் கேட்காமலே தாண்டிடும். பார்செக்கில் இடைவெளிக்கும் விதி எழுதணும்.

"எதும்மா ஒசத்தி?"

"வேலையைப் பொறுத்துப்பா. ஆனா கே-ன்னா அப்பா பேர்னு எந்த லைப்ரரிக்கும் தெரியாது. அதை நாமதான் எழுதணும்."

சுருக்னுச்சு. கவுன்ட்டரில் நான் 'ட்ரை' இல்லாத பார்செக்காத்தானே இருந்தேன்?

மறுநாள் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். கணவரோட பழைய ஸ்கூல் சர்டிபிகேட் கிடைச்சுது. தகப்பனார் குமாரசாமின்னு தெளிவா இருந்தது. ரெண்டு பேரும் ஒருத்தரேன்னு நோட் எழுதி வெச்சேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

நீங்க சொல்லுங்க, உங்க ஊர் ஃபாரத்தில் 'சர்நேம்' கட்டத்தில் என்ன எழுதறீங்க?