அளவுச் சட்டை

அப்பா மதுரை புது மண்டபத்தில் முப்பது வருஷம் தையல் மிஷின் மிதித்தவர். தோள், மார்பு, வயிறு, கழுத்து, கை நீளம் என்று ஏழெட்டு எண்களை நோட்டில் குறித்துக்கொள்வார். முழு மனுஷன் அதில் அவ்வளவுதான். மச்சமோ தழும்போ கணக்கில் வராது. ஆனாலும் சட்டை பொருந்திவிடும்.

புரதங்களின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. மடிந்தும் நெளிந்தும்தான் அது உடம்பில் வேலை செய்கிறது. அந்த நெளிவை அணு அணுவாகக் கணக்கிட்டால் ஓர் அடிக்கு இரண்டு ஃபெம்டோ செகண்ட்தான் நகர முடியும். ஒரே ஒரு மைக்ரோ செகண்டைப் பார்க்க 50 கோடி அடிகள். அதனால் எதையாவது கழித்தாக வேண்டும்.

1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் ஏறக்குறைய எல்லாவற்றையும் கழித்தார்கள். அணுக்கள் வெறும் கெட்டிப் பந்துகள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று இருக்க முடியாது. விதி அவ்வளவுதான். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பும். எந்தக் கோணங்களில் பந்துகள் முட்டிக்கொள்ளும், எதில் முட்டாது என்று போட்ட கணக்குதான் ராமச்சந்திரன் வரைபடம். அதில் அசைவு இல்லை. அசைய இடம் எங்கே என்பது இருக்கிறது.

1975இல் மைக்கேல் லெவிட்டும் ஆரியே வார்ஷெலும் மாட்டின் கணையத்தில் கிடைக்கும், 58 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் ஓரிரு புள்ளிகளாகச் சுருக்கி, அது மடிவதைக் கணினியில் ஓட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து மார்ட்டின் கார்ப்ளஸின் குழு அதே புரதத்தை அணு அணுவாக ஓட்டியது. கிடைத்தது 10 பிக்கோ செகண்டுக்கும் குறைவான அசைவு. கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூவருக்கும் 2013இல் நோபல் கிடைத்தது.

நாலு வருஷம் முன்னால் அப்பாவின் வலது கை ஆட ஆரம்பித்தது. பார்க்கின்சன். ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதம் மூளை நரம்பு செல்களுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகிற நோய். அதில் 140 அமினோ அமிலங்கள் என்று படித்த அன்றே கோட் எழுத உட்கார்ந்துவிட்டேன். 140 மணிகள், நடுவில் ஸ்பிரிங்குகள். ராத்திரியெல்லாம் லேப்டாப்பில் நெளிந்துகொண்டிருக்கும். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனது தம்பிதான்.

ஒருநாள் அப்பா பின்னால் வந்து நின்றார்.

"இதுல என் கை எங்கடா இருக்கு?"

"கை இல்லப்பா. தலைக்குள்ள இருக்குற ஒண்ணு. அதுலயும் பாதிக்கு மேல விட்டுட்டேன்."

"அளவெடுக்கும்போது ஆள நேரா நிக்கச் சொல்லுவேன். வெட்டும்போது அவன் கையத் தூக்குவான்னு நெனச்சுத்தான் வெட்டணும்" என்றார். திட்டினாரா, பாடம் சொன்னாரா, தெரியவில்லை.

போன மாசம் அவருக்குப் புதுச் சட்டை வேண்டியிருந்தது. உடம்பு இளைத்துவிட்டதால் பழைய அளவுச் சட்டை உதவாது. அவர் சொல்லச் சொல்ல நான் டேப் பிடித்தேன். கை நீளம் எடுக்கும்போது டேப்போடு சேர்ந்து என் விரலும் ஆடியது. மூன்று தடவை எடுத்தேன், மூன்று எண் வந்தது.

"பெரிசையே போடு. கைக்குழியில ஒரு இஞ்ச் கூட விடு. பட்டன் வேணாம், டிச் பட்டன் வச்சிரு."

அடுத்த செக்கப்புக்கு நான் கூட்டிப்போனேன். அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்.